கிருபாவதி நினைவாக

எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் புது பேட்டரியின் ஆம்பியர் முள் இறங்குமுகமாகவே நின்றது. மணி ஐந்தரை ஆகியும் அனல் குறையவில்லை. சித்திரை வெயில் வேனின் கூரைமேல் பூட்டிய சோலார் தகடுகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. இந்த வெயிலுக்கு மின்சாரம் பேட்டரிக்குள் ஏற வேண்டும். ஆர்தர் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை.

அது மிஷன் மருத்துவ வேன். ஆர்தர் டிரைவர், அவன் மனைவி ஞானசௌந்தரி நர்ஸ். கரண்ட் எட்டாத ஊர்களில் வாரக்கணக்காக வேனிலேயே குடித்தனம். இருந்த பேட்டரி விளக்குக்கும் விசிறிக்குமே போதவில்லை என்று எண்பத்தாறாம் வருஷக் கோடையில் தகடுகளும் பெரிய பேட்டரி ஒன்றும் வந்தன. திருப்பதியில் பூட்டிக் கொடுத்த ரங்கையா படித்துப் படித்துச் சொன்னான்.

"பழசையும் புதுசையும் ஜோடி சேக்க வேணாண்ணா. பழசு புதுசைத் துன்னுடும்."

தலையை ஆட்டிவிட்டு வந்த ஆர்தர், அன்றைக்கே இரண்டையும் சேர்த்துவிட்டான். பழைய பேட்டரியின் மரப்பெட்டியில் 'கிருபாவதி நினைவாக' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறதே! அவன் முதல் மனைவி கிருபாவதி இறந்தபோது சபையார் ஜெபித்துக் கொடுத்தது. நினைவாகக் கொடுத்ததைத் தூக்கிப்போடும் வழக்கம் சபையில் இல்லை. அதிலும், வருஷம் திரும்புமுன் மறுமணம் செய்துகொண்டவனுக்கு அந்தத் தைரியம் ஏது?

எட்டு நாள் ஆயிற்று. வேனுக்குள் அமில நெடியோடு, கிருபாவதி கடைசிக் காலத்தில் மார்பில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாசனையும் கலந்து, திரையிலும் தலையணையிலும் அவன் குடிக்கும் தண்ணீரிலும்கூட ஊறிக் கிடந்தது. ஞானசௌந்தரி பாதியாகிவிட்டாள். ஊருக்கே ஊசி போடுகிறவளுக்குத் தன் வியாதி இன்னதென்று தெரியவில்லை.

"குளுருதுங்க," என்றாள், இரண்டு கம்பளிக்குள்ளிருந்து.

"வெளிய வெயில் கொளுத்துதே ஞானம்."

"கால்மாட்டுல யாரோ குந்திக்கினு இருக்காங்க. என் சூட்டையெல்லாம் இழுத்துக்கினே இருக்காங்க."

அவள் கால்மாட்டில், பலகைக்கு அடியில்தான் பேட்டரிகள் இருந்தன. ஆர்தர் குனிந்து தொட்டான். புதுசு பானைத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது. பழசு, ஈன்ற பசுவின் வயிறுபோல வெதுவெதுத்தது. மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு குமிழி. சற்று இடைவெளி. மறுபடி ஒரு குமிழி. மேலே அவள் மூச்சு. அதே இடைவெளி.

ஸ்பேனரை எடுத்துப் பழசின் ஒயரைக் கழற்றினான். முள் நடுவைத் தாண்டி ஏறுமுகமாயிற்று.

குமிழி நின்றது.

மூச்சும் நின்றது.

"ஞானம்!"

உதடு நீலம். கண் பாதி திறந்தபடி. ஆர்தர் ஒயரைத் திரும்ப வைத்து அழுத்தினான். குமிழி. நீளமாக ஒரு மூச்சு. முள் மறுபடி சாய்ந்தது. புதுசில் ராத்திரிக்கு மிச்சம் ஒன்றுமில்லை. தகட்டிலிருந்து வருவதுதான் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

"கிருபா, உட்டுடும்மா. அவ என்னா பண்ணா?"

குமிழிகள் மட்டும். ஒயரை விடாமல் ஜன்னல் பக்கம் திரும்பினான். சூரியன் சந்திரகிரி மலையைத் தொட்டுவிட்டது. அறுவடையான கழனியில் மலையின் நிழல் ஒவ்வொரு வரப்பாகத் தாண்டி, வேனை நோக்கி வந்துகொண்டிருந்தது.