கழுவக் கூடாத சுவர்

திங்கட்கிழமை காலை கேட்டுத் தூணில் முழங்கால் உயரத்தில் ஓர் ஈரத்தடம் இருந்தது. நாய்தான் என்று குனிந்து பார்த்தவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டான். மிருகக்காட்சிசாலையில் பதினோரு வருடமாகப் புலிக்கூண்டு கழுவுகிறவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மிருகத்தின் மூத்திரம் என்று சொல்லிவிடுவான். இந்த வாடை அவனுக்குத் தெரியவில்லை. துருப்பிடித்த இரும்பும் திரிந்த பாலும் கலந்த வாடை.

பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினான். அங்கேதான் அவன் புத்தி புல் மேயப் போய்விட்டது. கூண்டைக் கழுவும்போது ஒரு சுவரை விட்டுவிட வேண்டும் என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான். வாடையை முழுக்க அழித்துவிட்டால், வேறு எவனோ வந்துவிட்டான் என்று மிருகம் இன்னும் அழுத்தமாக எல்லை போடும்.

செவ்வாய்க்கிழமை தடம் வாசல் நிலையில் இருந்தது, இடுப்பு உயரத்தில். அதையும் கழுவினான். புதன்கிழமை மதியம் கூடத்துச் சுவரில், அவன் தலைக்கு மேலே. கையில் துணியோடு நின்றபோதுதான் செய்த தப்பு உறைத்தது. வேலைக்குப் போயிருந்த மனைவிக்குப் போன் போட்டான்.

"பூனையா இருக்கும். உங்களுக்கு எதைப் பார்த்தாலும் புலிதான்."

"பூனை ஆறடி உயரத்துல அடிக்காதுடி."

"சரி, சாப்பாட்டுக்கு வந்துட்டுத்தான் இருக்கேன், தெருமுனைக்கு வந்தாச்சு. பாப்பா தூங்குதா?"

"தூங்குது."

போனை வைத்த பிறகு, மின்விசிறியின் கடகடப்புக்கும் குழாய் சொட்டும் சத்தத்துக்கும் நடுவே, உள்ளறையில் தொட்டில் கயிறு கிரீச் கிரீச்சென்று ஒரே சீராக முனகுவது கேட்டது. எந்த மிருகமும் சும்மா எல்லை காக்காது. சண்டையில் காயம்பட்டால் பட்டினிதான். அடிபட்டாலும் பரவாயில்லை என்னும் அளவுக்கு ஏதாவது உள்ளே இருக்க வேண்டும். இரை இருக்க வேண்டும். இல்லையென்றால் குட்டி.

ஓடினான்.

அறை நிலையின் இரண்டு பக்கமும் ஈரம் சொட்டியது. உள்ளே தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பாப்பா விழித்துக்கொண்டு சிரித்தாள். அவள் நெற்றியும் ஈரமாக இருந்தது.

ஒரு காலை உள்ளே வைத்தான். தொட்டிலுக்கு அடியில் உறுமல். காலை எடுத்தான். நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வைத்தான். உறுமல். இந்த முறை அவன் முகத்துக்கு நேரே. எதிரே ஒன்றுமில்லை. மூச்சுச் சூடு மட்டும்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"பாப்பா! அம்மா வந்துட்டேன்டா!"

வராதே என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் அவள் காலடி கூடத்தைத் தாண்டியது. முகத்தில் பட்ட மூச்சுச் சூடு அவனைக் கடந்து அவள் பக்கம் திரும்பியது.

தொட்டில் ஆடுவது நின்றது.