போயிட்டு வாறம்

தேநீர் உப்புக் கரித்தது. கோசிகா அதைச் சிங்கில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அதுவும் உப்பு. குழாய்க்குள்ளிருந்து கடற்பாசி வாடை வந்தது. கடற்கரையே இல்லாத கோலியர்ஸ் வுட் நகர்ப்புறத்தில், மூன்றாம் மாடி வீட்டில், கடலுக்கு என்ன வேலை?

குளிர்கால மாலை, அதற்குள் இருட்டிவிட்டது. கீழே பஸ்கள் இரையும் சத்தம், பக்கத்து வீட்டு டிவி, ஹீட்டர் குழாயின் முணுமுணுப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மணி, ஈரத்துணி சுற்றி அடிப்பதுபோல், விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மணியை அவளுக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை அவளும் கணவன் சஞ்சயனும் வேல்ஸ் கடலோரத்து அபர்வென் என்ற சிற்றூருக்குப் போயிருந்தார்கள். இடிந்த கோட்டை, வெள்ளைக் கலங்கரை விளக்கம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் துறைமுக முனையில் தொங்கும் மணிக்கு வந்தார்கள். மீன்பிடிக்கப் போன படகுகள் அத்தனையும் ஒரே புயலில் தொலைந்தபின் ஊரார் வைத்த மணி அது. "இங்கே விடைபெறும்போது திரும்பி வருவோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கடலுக்குள் கிடப்பவர்கள் அதை வாக்காக எடுத்துக்கொள்வார்கள்" என்றார் ஊரைச் சுற்றிக் காட்டியவர்.

யாழ்ப்பாணத்தாள் வாயில் 'போறன்' என்ற சொல் வருமா? அபசகுனம் அல்லவா! கிளம்பும்போது பழக்கதோஷத்தில் மணியைத் தொட்டுக் கும்பிட்டு, "போயிட்டு வாறம்" என்று சொல்லிவிட்டாள்.

சஞ்சயன் சிரித்தான். "உமக்கு மணியைக் கண்டால் கோயில் நினைப்பு."

இப்போது மணி நின்றது. கதவடியில் தண்ணீர் கசிந்தது. அப்பால் மூச்சுச் சத்தம். ஒன்றல்ல, பல.

கோசிகா கதவருகே போனாள். பயத்தோடு கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. போரில் ஷெல்லடிக்குள் ஓடித் தப்பி, நாடு விட்டு நாடு வந்து, ஒரு வாழ்க்கையைத் தொடங்கியது இவர்களிடம் தூக்கிக் கொடுக்கவா?

"என்ன, வாசலில நிண்டு பயப்படுத்துறியளோ? வாய்தவறிச் சொன்னதுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போகேலாது!" கதவில் உள்ளங்கையை ஊன்றினாள். பிறந்ததிலிருந்து சொல்லாத சொல்லைச் சொன்னாள். "நான் அங்கையிருந்து போறன். போறன் எண்டால் போறன்தான். இனி வரமாட்டன்!"

தண்ணீர் பின்வாங்கியது. மூச்சுகள் படியிறங்கின. கதவில் சாய்ந்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கீழே தெருக்கதவு திறந்தது. ஷிப்ட் முடிந்து வந்த சஞ்சயனின் குரல். "கோசி, படியெல்லாம் ஏன் ஈர..."

குரல் அறுந்தது.

அப்போதுதான் உறைத்தது. அன்று அவள் சொன்னது 'வாறன்' அல்ல, 'வாறம்'. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள். இன்று தன்னை மட்டும்தான் மீட்டிருக்கிறாள்.

ஓடினாள். வெறுங்கால். வழுக்கும் படி. இருட்டு. அவன் கை அகப்பட்டது. இழுத்தாள்.

"விடுங்கோடா! என்ர மனிசன்! நான் விடமாட்டன்!"

தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தது. சஞ்சயனின் மறுகையை ஊறி வெளுத்த கையொன்று பிடித்திருந்தது. அந்த ஆளின் மறுகையை இன்னொருவன். அவனை இன்னொருவன். படி முழுக்க, வாசலைத் தாண்டி, பஸ் தரிப்பிடத்தையும் தாண்டி, கைகோத்தபடி, நனைந்த மனிதர்களின் வரிசை.

கோசிகா பிடியை விடவில்லை. வரிசை ஒரு படி கீழே இறங்கியது.