அமிர்தம் சொன்ன தீர்ப்பு

நைட் ஷிப்ட் முடிச்சு வந்த தனகோட்டி, அன்னிக்குக் காலையில தானே அடுப்பப் பத்தவெச்சு, பழைய குழம்ப சூடு பண்ணி, தானே சோத்தப் போட்டுத் தின்னாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுஷன் ஒரு டம்ளர் தண்ணியத் தானா மொண்டு குடிச்சது கெடையாது. பொண்டாட்டி அமிர்தம் சமையல்கட்டு வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்தா. நெலக்கரி மைன்ஸ்ல யார்கிட்டயோ நல்லா வாங்கிக் கட்டிக்கினு வந்திருக்காரு, அந்தக் கோவத்த இங்க காட்டறாருன்னு நெனச்சா. அந்த வூட்டுல சண்டைன்னா கத்தல் கெடையாது. மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு நாள் கணக்கா பேசாம இருக்கறதுதான் சண்டை. அதுல அவளும் லேசுப்பட்டவ இல்ல. எத்தினி நாளைக்குன்னு பாத்துடறேன்னு அவளும் வாயத் தெறக்கல. தெறந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், பாவம்.

அவரு கை கழுவ எழுந்தப்ப, வேணும்னே காபி டம்ளர மேடையில ணங்குன்னு வெச்சா.

"சனியன் புடிச்ச பூனை," ன்னாரு தனகோட்டி, திரும்பிப் பாக்காம.

வூட்டுல பூனை கெடையாது. அவரு போய்ப் படுத்துட்டாரு. அமிர்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் புள்ளையோட போன்ல பேசினது நெனப்புக்கு வந்துச்சு.

ஒரே புள்ள, இளம்பரிதி. இங்கிலாந்துல லா படிக்கறான், ரெண்டாவது வருஷம். குவார்ட்டர்ஸ்ல இருக்கற புள்ளைங்க எல்லாம் இன்ஜினியரிங்குக்கு ஓடினப்ப, இவன் மட்டும் கோட்டு போட்ட வக்கீலா வரப்போறான்னு அமிர்தத்துக்குத் தலகால் புரியாத பெருமை. அவ பொழப்பே அவன் போனுக்காகக் காத்துக்கெடக்கறதுதான். அவன் வந்து எதுர நின்னு ஒரு தடவ அம்மான்னு கூப்புட்டாப் போதும், வேற ஒண்ணும் வேணாம் அவளுக்கு.

"காலேஜ்ல கோர்ட்டு மாதிரியே வாதாடற போட்டிம்மா," ன்னான் அவன். "காணாப்போன ஒரு பொம்பள செத்துட்டாளா இல்லையான்னு கேஸு. செத்துட்டான்னு நான் நிரூபிக்கணும். ஒரு தடவ பேசிப் பாக்கறேன், நீதான் ஜட்ஜ்."

"எனக்கு இன்னாடா இங்கிலீசு தெரியும்?"

"சும்மா கேட்டுக்கினு இரு. கடைசில தீர்ப்பு மட்டும் சொல்லு. அந்தப் பொம்பளைக்கு ஒரு பேரு வேணும், ஒன் பேரையே வெச்சிக்கறேன்."

"வெச்சிக்கோயேன், பேரு என்னா தேஞ்சா பூடும்?"

அவன் பேச ஆரம்பிச்சான். ஜன்னலுக்கு வெளிய தூங்குமூஞ்சி மரம் எலைய மடக்கிக்கினு இருந்துச்சு, பவர் ஹவுஸ் பக்கத்துலேர்ந்து அந்த எப்பவும் அடங்காத உறுமல் வந்துக்கினே இருந்துச்சு, நெலக்கரி எரிஞ்ச வாசன காத்துல ஏறி எறங்குச்சு, போனு சூடாகி அவ காதோட ஒட்டிக்கிச்சு, அந்த இங்கிலீசு மொத்தத்துலயும் அவளுக்குப் புரிஞ்சது அவ பேரு மட்டும்தான். மொதல்ல அமிர்தம்னு சொன்னான். போகப் போக முன்னப் பின்னத் தெரியாதவன் சொல்ற மாதிரி நாக்க மடிச்சு வேற என்னமோவா சொன்னான். சொந்தப் பேரக் கேட்டே அவளுக்கு ஒடம்பு கூசிப்போச்சு.

"தீர்ப்பு சொல்லும்மா."

"பாவம்டா அவ. உசுரோட இருக்கான்னே சொல்லிடட்டுமா?"

"வெளையாடாதம்மா. நான் ஜெயிக்கணும்," ன்னான். குரல் கெட்டியா இருந்துச்சு.

புள்ள தோக்கணும்னு எந்தத் தாய் நெனப்பா? "சரிடா ராஜா, நீ ஜெயிச்சுட்ட. அமிர்தம் செத்துட்டா. போதுமா?"

போன்ல நாற்காலிங்க தரையில இழுபடற சத்தம் கேட்டுச்சு. பெரிய கூட்டம் ஒண்ணா எழுந்து நிக்கற சத்தம்.

"ரூம்ல யார்றா?"

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்," ன்னு சொல்லிப் போன வெச்சிட்டான்.

இதயெல்லாம் அச போட்டுக்கினு அவ ஹால்லயே ஒக்காந்திருந்தா. மதியம் தாண்டி, தனகோட்டி தூங்கி எழுந்தாரு. பக்கத்துல, கட்டில்ல அவ படுக்கற பக்கமா திரும்பிப் பார்த்தாரு. கொஞ்ச நேரம் அப்பிடியே பார்த்தாரு. தலைகாணியப் புடிச்சு உலுக்கினாரு.

"அமிர்தம். ஏய். எழுந்திருடி. அமிர்தம்!"

கட்டில்ல கசங்கின போர்வையத் தவிர ஒண்ணும் இல்ல.

"இன்னாங்க இது கூத்து?" அமிர்தம் ரூமுக்குள்ள ஓடினா. "நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

அவரு வெறும் போர்வைமேல விழுந்து அலறினாரு. அவ வெக்கத்த வுட்டுத் தோளப் புடிச்சு இழுத்தா. ஈ ஒக்காந்த மாதிரி ஒரு சிலுப்பு சிலுப்பினாரு, அவ்வளவுதான்.

அடுத்த வூட்டு கமர் நிஷா ஓடி வந்தா. பத்து வருஷப் பழக்கம். நோம்பு மாசம் பூரா அவ வூட்டுலேர்ந்து கஞ்சி வந்துடும். "அடியே நிஷா, நீயாவது சொல்லுடி இவருகிட்ட," ன்னு அமிர்தம் அவ கையப் புடிச்சா. நிஷா கைய உருவிக்கினு கட்டிலண்ட போனா. "ஐயோ அக்கா," ன்னு தேம்பிக்கினே குனிஞ்சா. வெறும் தலைகாணிக்கு மேல, காத்துல, ரெண்டு வெரலால மெதுவாத் தடவி மூடினா.

அமிர்தத்தோட கண்ணு மூடிக்கிச்சு.

அவ மூடல. தானா மூடுச்சு. பயந்துபோய் வெரல வெச்சு எமையத் தூக்கித் தூக்கித்தான் தெறந்தா. அதுக்கப்பறம் பாதிக்கு மேல தெறக்கவே இல்ல.

தனகோட்டி புள்ளைக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டாரு. அவ பக்கத்துலயே நின்னா. "அம்மா பூட்டாடா பரிதி," ன்னு அழுதாரு.

"தெரியும்ப்பா. கெளம்பிக்கினு இருக்கேன். நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க."

"எப்பிடிடா தெரியும்?" னு கத்தினா அமிர்தம். போனு கட் ஆயிடுச்சு. எப்பிடித் தெரியும்னு தனகோட்டி கேக்கவே இல்ல.

வெளிநாட்டுப் புள்ள வந்து சேரணும்னா ஐஸ் பாக்ஸுதான். வடலூர்லேர்ந்து வண்டியில எடுத்தாந்து ஹால்ல எறக்கி, சுவிட்சப் போட்டாங்க. மோட்டார் கடகடன்னு ஓட ஆரம்பிச்சுது. ரப்பர் வாசனையும் சாமந்தி வாசனையும் ஊதுபத்திப் பொகையும் ஒண்ணாக் கலந்து வூடே மூச்சு முட்டுச்சு. சனங்க ஒவ்வொருத்தரா வந்து கண்ணாடிக்கு மேல மாலையப் போட்டு, உள்ள குனிஞ்சு பார்த்து, வாயில துணிய வெச்சிக்கினு அழுதாங்க. அமிர்தமும் போய் எட்டிப் பார்த்தா. உள்ள வெள்ளத் துணி விரிச்சிருந்துச்சு. அதுல ஒரு சுருக்கம் கூட இல்ல.

"தூங்கற மாதிரியே இருக்கா, மவராசி," ன்னா குறிஞ்சிப்பாடியிலேர்ந்து வந்த நாத்தனார்காரி. பொடவ சரியில்ல, நல்லதா ஒண்ணு எடுத்தாங்கன்னு அதிகாரம் வேற. உசுரோட இருந்தப்ப ஒரு நல்ல வார்த்த பேசாதவ. அவதான் மூடியத் தூக்கிக் கைய உள்ள வுட்டு, ஒண்ணுமே இல்லாத எடத்துல, ரெண்டு கால் கட்டவெரலயும் சேத்துக் கட்டினா.

அமிர்தத்தோட காலு ரெண்டும் ஒட்டிக்கிச்சு.

செவுத்தப் புடிச்சிக்கினு தத்தித் தத்திச் சமையல்கட்டு வாசலுக்குப் போனா. நாத்தனார் ஒரு வெள்ளத் துணிய நீட்டமாக் கிழிச்சா. தாடைக்குக் கட்டறது. வேணாம்டி. வேணாம்டி தாயே. என் புள்ள வர்றான், அவனக் கூப்புடணும்டி நான். முடிச்சு எறுகுச்சு. பல்லோட பல்லு ஒட்டிப்போச்சு. அதுக்கப்பறம் தொண்டையில ஒரு முனகல் மட்டும்தான் மிச்சம். அதுவும் மோட்டார் சத்தத்துல யாருக்கும் கேக்கல.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்க இருந்துச்சு. யாரு கண்ணுக்குத் தெரியலன்னாலும், பெத்த புள்ள கண்ணுக்குத் தெரியாமயா போயிடுவா? அவன் பார்த்துடுவான். பார்த்தான்னா எல்லாம் சரியாயிடும். அந்த வாசப்படியிலயே சாஞ்சிக்கினு நின்னா.

மறுநாள் மத்தியானம் கார் வந்து நின்னுச்சு. அழுகை ஓன்னு எழும்புச்சு. இளம்பரிதி உள்ள வந்தான். எளச்சிப் போயிருந்தான். யாரு தோள்லயும் சாயல. பாக்ஸ் பக்கம் திரும்பக்கூட இல்ல.

நேரா அவளப் பார்த்தான்.

பார்த்துட்டான். என் சாமி பார்த்துட்டான். அமிர்தத்துக்குக் கண்ணு தாரையா ஊத்துச்சு.

கூட்டத்த வெலக்கிக்கினு வந்தான். அவ கையப் புடிச்சான். சூடான கை. ரெண்டு நாள்ல அவளத் தொட்ட மொத மனுஷக் கை. "அம்மா," ன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு அவ மனசு அப்பிடியே கொழைஞ்சு போச்சு.

"ஏம்மா இங்க வந்து நின்னுக்கினு இருக்க?" கன்னத்துல ஒட்டியிருந்த முடிய ஒதுக்கிவிட்டான். "அடம் புடிக்காதம்மா. எல்லாரும் ஒனக்காகத்தான் காத்துக்கினு இருக்காங்க."

அப்பன் பக்கம் திரும்பினான். "அப்பா. கால் பக்கம் புடிங்க."

தனகோட்டி வந்தாரு. குனிஞ்சாரு. கரெக்டா அவ கணுக்காலப் புடிச்சாரு.

நிஷா இடுப்புல கை குடுத்தா. நாத்தனார் தலையத் தாங்கினா. எல்லாருக்கும் தெரிஞ்சா இப்ப. அழுதுக்கினே தூக்கினாங்க. பதனமா. மெதுவா. பாத்து, பாத்து, தல இடிக்கப் போவுது.

முதுகுல சில்லுன்னு தகரம்.

மூடி எறங்குச்சு.

சத்தம் எல்லாம் தூரப் போச்சு. மேல கண்ணாடி. அதுல புள்ள மொகம். அமிர்தம் மூக்கால மூச்ச இழுத்து இழுத்து வுட்டா. கண்ணாடி வெள்ளையாப் பூத்துச்சு.

"ஒண்ணும் தெரியல, பனி புடிக்குது," ன்னா நாத்தனார்.

பரிதி வெளியேர்ந்து உள்ளங்கையால தொடச்சான். போவல. மறுபடி தொடச்சான். உள்பக்கமாத்தான் பூத்துக்கினே இருந்துச்சு. அத அவன் பார்த்தான். நல்லாவே பார்த்தான். கால்மாட்டுக்குப் போய்க் குனிஞ்சு, கூலிங் குமிழ கடைசி வரைக்கும் திருப்பினான்.

கண்ணாடி ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாத் தெளிய ஆரம்பிச்சுது. சனங்க மொகமெல்லாம் ஒண்ணொண்ணா தெரிஞ்சுது. எல்லாருக்கும் முன்னால பரிதி.

"இப்ப நல்லாத் தெரியறாங்கப்பா," ன்னான்.