மூன்றாம் எண்ணுக்கு விட்ட இடம்

குதித்த குழந்தைகள் மூன்று பேர். தரையில் விழுந்த சத்தம் நான்கு.

முதல் மூன்றும் ஒன்றாகக் கேட்டன. நான்காவது அரை நொடி தள்ளி, படுக்கையிலிருந்து மனமில்லாமல் எழுந்து வந்ததுபோல, 'டப்' என்று விழுந்தது. பாலே நடன மிஸ் பாட்டை நிறுத்திவிட்டுத் தன் மகளை முறைத்தாள். தாமதமாகத் தரையிறங்குவதில் மகளுக்கு இணையாக இன்னொருத்தி இன்னும் பிறக்கவில்லை.

"நான் இல்ல மிஸ்," என்றாள் மகள். வீட்டில் அம்மா, வகுப்பில் மிஸ். அது மிஸ் போட்ட சட்டம்.

"பின்ன யாரு, மூணாம் நம்பரா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தாள். வகுப்பு நடப்பது இரும்புக் கடையின் மேல்மாடியில். பலகைத் தரை பழசு. கீழே யாராவது ஆணிப் பெட்டியை இறக்கியிருப்பார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நம்பர் என்று ஒருத்தி இருந்தது உண்மை. பாலே கிரேடு தேர்வுக்குக் குழந்தைகளை நான்கு நான்கு பேராக உள்ளே அனுப்புவார்கள். ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் ஓர் எண் அட்டை ஊக்கால் குத்தியிருக்கும். பட்டியல் அனுப்பிய மறுவாரமே மூன்றாம் நம்பரின் அப்பாவுக்கு மாற்றல் வந்து, குடும்பம் மூட்டை முடிச்சோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. மிஞ்சியவர்களில் ஒன்று, வாயாடி. இரண்டு, எதற்கெடுத்தாலும் தும்முகிற தும்மல். நான்கு, மகள். எண்ணை மாற்ற முடியாது என்று தேர்வு அலுவலகம் சொல்லிவிட்டது. வரிசையை மாற்றினால் இருக்கிற மூன்றும் குழம்பிவிடும். மிஸ் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள்.

"மூணு அங்க நிக்கிறான்னே நினைச்சுக்கோங்க. இடம் விட்டு ஆடுங்க. இடிச்சிராதீங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குழந்தைகள் கொட்டாவி விட்டபோது அவள் வெற்றிடத்தைத் திட்ட ஆரம்பித்தாள். "மூணு, முழங்காலை நீட்டு! மூணு, வயித்தை உள்ள இழு!" குழந்தைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், சிரித்தபடியே தங்கள் முழங்காலையும் நீட்டினார்கள். வெற்றி. அடுத்தபடியாக, பழக்கதோஷத்தில், மகளிடம் சொன்னாள்: "மூணைப் பார்த்துக் கத்துக்கோ. எவ்ளோ அழகா நிக்கிறா!"

சொந்தப் பிள்ளையைத் திட்டுவதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று வேண்டும் என்பது பெற்றோர் உலகத்தின் பொது விதி. மிஸ் அதையும் தாண்டிவிட்டாள். அவளுக்குப் பிள்ளையே தேவைப்படவில்லை.

இரண்டாவது வாரம் அந்த நான்காவது சத்தம் கொஞ்சம் முன்னால் வந்தது. மூன்றாவது வாரம் மற்றவற்றோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டது. மாத முடிவில் மிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரே சத்தம், சுத்தமாக. பிறகு, அரை நொடி தள்ளி, ஒரு 'டப்'. இப்போது அது மகளுடையது.

மூணு தேறிவிட்டது.

கூடத்து மூலையில் ஒரு மரத்தட்டு நிறையப் பிசின் பொடி இருக்கும். வழுக்காமலிருக்கக் குழந்தைகள் ஷூவின் அடியை அதில் தேய்த்துக்கொள்வார்கள். அன்று வகுப்பு முடிந்து பெருக்கப் போன மிஸ், தட்டிலிருந்து வெள்ளையாகக் கிளம்பிய சின்னச் சின்னப் பாதத் தடங்களைப் பார்த்தாள். மூன்று பேருடையவை, பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யும் சுவர்க் கம்பிப் பக்கம் போய், அங்கிருந்து ஆடும் இடத்துக்குப் போய், கதவுக்கு வந்திருந்தன. நான்காவது தடம் மூன்றாவது இடத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்து எங்கும் போகவில்லை.

அவள் பெருக்கவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டில் மகள் தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, மூணு நல்லா ஆடுனா நான் வேணாமா?"

"அப்படி ஒருத்தியே கிடையாதுடி, லூசு."

"நீதானே அவளுக்கு தினம் சொல்லிக்குடுக்குற." மகள் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ பாட்டு மாத்தத் திரும்புவ இல்ல, அப்ப அவ என் இடத்துல வந்து நின்னு பார்க்குறா. அளவு சரியா இருக்கான்னு."

மறுநாள் மிஸ் வகுப்புக்குள் நுழைந்ததுமே கைதட்டினாள். "இனிமே இடம் விட வேண்டாம். நெருங்கி நில்லுங்க."

யாரும் நகரவில்லை.

"இடிக்கும் மிஸ்," என்றாள் தும்மல், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இடிச்சா அவளுக்குக் கோபம் வரும்," என்று வாயாடி விளக்கம் கொடுத்தாள். "அன்னிக்கு என் கொண்டையைப் புடிச்சு இழுத்துட்டா. பதினாலு ஹேர்பின் மிஸ், மொத்தமும் போச்சு."

"பயந்தாங்கொள்ளிங்களா. பாருங்க," என்று சொல்லிவிட்டு மிஸ் தானே போய் மூன்றாவது இடத்தில் நின்றாள். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. பிசின் வாசனையோடு, இறுக்கி வாரிய ஈரத் தலையின் வாசனையும் வந்தது. கண்ணாடியில் நான்கு பேர் தெரிந்தார்கள்: மூன்று குழந்தைகள், அவள். சரியாகத்தான் இருந்தது. அவள் மூச்சு விட்டாள்.

மாணவிகளின் கால் மடங்கியிருந்தால் அவள் திட்டுவதற்கு முன் ஒன்று செய்வாள். முழங்காலின் பின்பக்கத்தை ஒற்றை விரலால் தொடுவாள். நீட்டு என்று அர்த்தம்.

அவளுடைய முழங்காலின் பின்பக்கத்தில் ஒரு விரல் பட்டது. சின்ன விரல். சில்லென்று.

அவள் கால் தானாக நீண்டது.

தேர்வை நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். இரண்டு வீட்டு அம்மாக்களுக்கு என்ன சொல்வது? ஒரு வருட உழைப்பு. சொந்த மகள் தேறமாட்டாள் என்று தெரிந்துதான் நிறுத்திவிட்டாள் என்பார்கள். பத்தே நிமிடம், இருபது அடி அகல அறை, பட்டப்பகல். அதற்குப் பிறகு இந்த வகுப்பையே வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம்.

தேர்வு நாளன்று தேர்வுக் கூடத்தின் நீண்ட நடைவழியில் மண்டியிட்டு எண் அட்டைகளைக் குத்தினாள். ஒன்று. இரண்டு. நான்கு. மகளின் கொண்டையில் பிசிறியிருந்த முடியை எச்சில் தொட்டு அமுக்கினாள். டப்பாவில் மூன்றாம் அட்டை மீதி இருக்க வேண்டும். கவிழ்த்துப் பார்த்தாள். ஊக்குகள் மட்டும்தான் கொட்டின.

"மிஸ்," என்றாள் மகள். பிறகு சட்டத்தை மீறி, மெதுவாக, "அம்மா. நான் போகலையே."

"பத்து நிமிஷம்தான் பாப்பா. சமர்த்து இல்ல?"

உள்ளே மணி அடித்தது. கதவு திறந்தது. ஆசிரியர்கள் உள்ளே போகக் கூடாது. தேர்வு நடக்கும்போது கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் தேர்வு ரத்து. மகள் கடைசியாகப் போனாள், முன்னால் ஓர் ஆள் இடம் விட்டு. கதவு மூடியது.

கதவில் பனிபடர்ந்ததுபோன்ற கண்ணாடி. அதன் பின்னால் நிழல்கள். வணக்கம். கம்பிப் பயிற்சி. அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சரி. மூன்று பேர்தானே. இருந்தும் மறுபடி எண்ணினாள். கடைசி நிழலுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. இடைவெளி இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் அல்லவா இருக்க வேண்டும்?

குதிக்கும் பாட்டு ஆரம்பித்தது.

ஒரே சத்தம். சுத்தமாக.

பிறகு 'டப்'.

கை கைப்பிடியில் இருந்தது. பித்தளை. ஈரம். திருப்பினால் போதும்.

ரத்து.

ஒரே சத்தம். 'டப்'. இன்னும் மெல்ல.

ஒரே சத்தம்.

அவள் காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை.

மணி அடித்தது.

தேர்வாளர் அம்மாளே கதவைத் திறந்தார், மதிப்பெண் தாளைப் பிடித்தபடி. "உங்க பிள்ளைங்கதானா? ரொம்ப நல்லா தயார் பண்ணியிருக்கீங்க. அந்த மூணாம் நம்பர் அபாரம். இந்த வயசுல அந்த முழங்கால்!" தாளைப் பார்த்தார். "நாலாவது பிள்ளை வரலைன்னு குறிச்சிருக்கேன். சரிதானே?"

குழந்தைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். வாயாடி. தும்மல். அவளுக்குப் பின்னால் நெஞ்சில் மூன்று என்று குத்திய ஒருத்தி. மிஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொண்டையில் ஒரு முடி பிசிறவில்லை. முழங்கால் நீண்டிருந்தது.

"பாப்பா எங்க?"

"இங்கதான் இருக்கா மிஸ்," என்றாள் வாயாடி, கடைசியில் இருந்த காலி இடத்தைக் காட்டி. "நாங்க இடம் விட்டுத்தான் நிக்கிறோம். இடிக்கவே இல்ல."

ஒரு சில்லென்ற கை மிஸ்ஸின் கைக்குள் நுழைந்து விரல்களைக் கோத்துக்கொண்டது. "அம்மா," என்றது. "வீட்டுக்குப் போலாமா?"

வரிசையின் கடைசியில், யாரும் இல்லாத இடத்தில், தரைப்பலகையில், அரை நொடி தாமதமாக:

டப்.