பாய்மான் எழுத்து

கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்வதைக்கூட மதுரையில் இப்போதெல்லாம் பாய்மான் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். எல்லாரும் எழுதுகிற நாடித்தட்டு, விரல் பட்டதும் நாடியைப் பிடித்துப் பார்த்துவிடுகிறது. மனம் அமைதியாக இருந்தால் மெல்லிய, நேரான எழுத்து. படபடத்தால் தடித்துச் சாய்ந்த பாய்மான். மெலிந்து வந்த சொல்லை யார் நம்புகிறார்கள்? "மனசில்லாம எழுதியிருக்கான்" என்று ஓரங்கட்டிவிடுகிறார்கள். அதனால் பாதி ஊர் படபடப்பு மாத்திரை போட்டுக்கொண்டுதான் எழுத உட்காருகிறது. கூத்துதான், போங்கள்!

இத்தனைக்கும் அந்த எழுத்தை வரைந்த மரகதவல்லிக்கு ஒருநாளும் அது வந்ததில்லை. அவள் சுபாவம் அப்படி. வீடே பற்றி எரிந்தாலும் வாளியைத் தேடுவாளே தவிர கத்தமாட்டாள். பார்த்துப் பார்த்து வரைந்த எழுத்து அது. அழுத்தத்துக்குத் தடித்த உடல், அவசரத்துக்கு முன்னால் சாய்வு, அந்தக் கனத்தோடு சாய்ந்தும் கவிழ்ந்துவிடாதபடி ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சின்னக் கால். அபாயப் பலகைக்கும், பக்கம் நிறைந்த எழுத்துக்கு நடுவே ஒரே ஒரு சொல்லைத் தூக்கிக் காட்டவும் என்றுதான் வரைந்தாள். ஊரோ அதை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டது.

அன்று அவள் மகள் நிறைமதி செவ்வாய்க்குக் கிளம்பும் நாள். போனால் திரும்ப வழியில்லை. விண்கலத்தில் ஏறி உட்கார்ந்தாயிற்று; மதியம் அதன் கதவு மூடும்வரை மனம் மாறி இறங்கலாம். இனி எழுதித்தான் பேச முடியும்.

'போகாதே கண்ணு. நீ இல்லாமல் என்னால் முடியாது' என்று மரகதவல்லி எழுதினாள். வழக்கம்போல மெல்லிசாக வந்தது.

கணவர் தங்கப்பாண்டி எட்டிப் பார்த்தார். "ஏன் மரகதம், ஊரே உன் எழுத்துல கத்துது. நீ மட்டும் ரேஷன் கடைப் பலகை மாதிரி எழுதுற. இதப் பாத்துப் புள்ள திரும்பி வருமா?" கண் கலங்கியிருந்தது அவருக்கு.

"எனக்கு அப்படித்தாங்க வருது."

"மாத்திரையப் போடு. நானும் போட்டுத்தான் எழுதுனேன்."

தயங்கினாள். இத்தனை காலமும் மகளுக்கு மெல்லிசாகவே எழுதி வந்திருக்கிறாள். பாசமில்லாத அம்மா என்றே பிள்ளை நினைத்துவிட்டதோ? எழுதியதை அழித்துவிட்டு மாத்திரையை விழுங்கினாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, அதே வாக்கியம் தடித்துச் சாய்ந்து வந்தது. முதன்முறையாகத் தன் எழுத்து தனக்கே வந்த பூரிப்போடு அனுப்பினாள்.

மதியம் கதவு மூடியது. அப்புறம்தான் பதில் வந்தது, மெல்லிசாக, நேராக.

'அம்மா, கிளம்பிட்டேன். போகாதேன்னு எல்லாரும் எழுதியிருந்தாங்க. எல்லாமே பாய்மான். இதுல எது மனசு, எது மாத்திரைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ எழுதுறது மட்டும்தான் உள்ளபடி இருக்கும்னு கடைசிவரைக்கும் காத்திருந்தேன். உன் தட்டுலேருந்தும் பாய்மான்தான் வந்துச்சு. அப்பா எழுதியிருப்பார்னு புரிஞ்சுது. நீ ஒரு வரி போகாதேன்னு சொல்லியிருந்தா இறங்கியிருப்பேம்மா. அவருகிட்ட கோவிச்சுக்காத.'

மரகதவல்லி தட்டை இழுத்தாள். 'நான்தான் எழுதினேன் கண்ணு' என்று அடித்தாள். மாத்திரையின் வேகம் இன்னும் இறங்கவில்லை. அந்த வரியும் தடித்துச் சாய்ந்தே போனது.