வலது மணிக்கட்டு

சவாசனத்தில் கிடந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். வலது மணிக்கட்டு தரையில் படவில்லை.

மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கூடத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு, யோகா டீச்சர் தணிந்த குரலில் உடம்பின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தளர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். கால் விரல், முழங்கால், இடுப்பு என்று எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுப் பாய்மேல் சரிந்துவிட்டன. கீழே தெருவில் பேருந்துகள் உறுமிக்கொண்டு போயின. பக்கத்துப் பாயிலிருந்து ரப்பரும் வியர்வையும் கலந்த வாடை வந்தது. அவளுடைய வலது கை மட்டும் பாய்க்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அவள் தூக்கி வைத்திருக்கவில்லை. தோளில் வலி இல்லை. கையின் பாரமே தெரியவில்லை. யாரோ தாங்கிக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

டீச்சர் வந்து அருகில் குந்தி, கையை மெல்ல அழுத்தித் தரையில் படவைத்தாள். விட்டதும் அது பழைய இடத்துக்கே எழுந்தது.

"எதையோ பிடிச்சிட்டிருக்கீங்க," என்றாள் டீச்சர். "பற்று உடம்புலதான் ஒளிஞ்சிருக்கும். மூச்சை வெளிய விடறப்போ அதையும் சேர்த்து விட்டுடுங்க."

அவள் மூச்சை விட்டாள். மணிக்கட்டைச் சுற்றி ஏதோ இன்னும் கொஞ்சம் இறுகியது.

அவள் வேலை பல் செட் செய்வது. பல் மருத்துவர்கள் அனுப்பும் ஈறு அச்சுகளை வைத்து, இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு செதுக்கி, அதில் பல் பதிப்பாள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அவள் செய்த பல்லால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத்தான் சிரிக்க நேரம் வாய்க்கவில்லை. அம்மா பக்கவாதத்தில் விழுந்தது முதல் வேலை, வீடு, கட்டில் என்றே காலம் ஓடியது. கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்து, கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

பொழுது சாய்ந்ததும் அம்மாவுக்குப் பயம் வந்துவிடும். அசையாத கையை விட்டுவிட்டு அசைகிற கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். உடும்புப் பிடி. தூங்கினாலும் தளராது. பிடித்தபடியே, "பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்பாள்.

"நான்தாம்மா."

"நீயா," என்பாள் அம்மா. அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். பிடியை மட்டும் விடமாட்டாள்.

பெரியவன், அவள் அண்ணன், கடல் தாண்டி இருந்தான். அம்மா போன பிறகு வந்தான், தேம்பி அழுதான், சடங்கு முடிந்த மறுநாளே விமானம் ஏறினான். "நீ குடுத்து வெச்சவ பாப்பா, அம்மா பக்கத்துலயே இருந்தே," என்று போகிறபோது சொன்னான். ஐம்பது வயதுப் பாப்பா தலையை ஆட்டினாள். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. அதைப் பிடுங்கத்தான் யோகா வகுப்பில் சேர்ந்தாள்.

டீச்சர் சொன்னபடியெல்லாம் செய்தாள். அம்மாவின் புடவைகளைக் கொடுத்துவிட்டாள். கட்டிலை யாரோ வந்து தூக்கிப் போனார்கள். அந்த அறையில் தரையும் சுவரும் மட்டும் மிஞ்சின. கண்ணை மூடி உட்கார்ந்து, அண்ணன்மேல் இருந்த கோபத்தையும், கிடைக்காத நல்ல வார்த்தையையும் ஒவ்வொரு மூச்சாக வெளியே விட்டாள். உண்மையிலேயே மனசு லேசானது.

மணிக்கட்டு லேசாகவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பிடி வந்துவிடும். முதலில் சில்லிப்பு, பிறகு அம்மாவுக்குத் தேய்த்த தைலத்தின் வாடை, பிறகு அழுத்தம். மெழுகு செதுக்கும்போது கையை வெடுக்கென்று கீழே இழுக்கும். கத்தி ஈற்றைக் கிழித்துவிடும். ஒருநாள் கை கழுவும்போது பார்த்தாள். தோல் அழுந்தி, நான்கு விரல் தடமும் எதிர்ப்பக்கம் கட்டைவிரல் தடமும் வெளிறித் தெரிந்தன. தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் தோலில் படாமல் விலகி ஓடியது.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் தனியாகக் கேட்டாள். "நான் விட்டுட்டேன், டீச்சர். நிஜமாவே விட்டுட்டேன். ஆனா அந்தப் பக்கம் பிடிச்சிருக்கறவங்க விடலைன்னா என்ன பண்றது?"

டீச்சர் சிரித்தாள். "அந்தப் பக்கம்னு ஒண்ணு கிடையாதுங்க. பிடிக்கறதும் நீங்கதான், விடவேண்டியதும் நீங்கதான்."

பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். படிக்கட்டு முழுவதும் வலது கை உடம்பை விட்டு விலகி, நடக்கத் தெரியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதுபோல் நீண்டிருந்தது.

அன்று வெற்று அறையின் வாசலில் நின்று, வாய்விட்டுப் பேசினாள்.

"எதுக்கும்மா என்னைப் பிடிச்சிட்டிருக்கே? நீ கேட்டது நான் இல்லையே. உன் பிள்ளைகிட்ட போ. அவன் வரமாட்டான். நீதான் போகணும். போ."

சொல்லி வாய் மூடவில்லை. பிடி விட்டது.

கை தொடையில் வந்து மோதியது. அதன் முழுப் பாரமும் அப்போதுதான் தெரிந்தது. தைல வாடை இல்லை. அவள் அங்கேயே நின்றாள். ஒரு தயக்கம்கூட இல்லையே என்று தோன்றியது. இத்தனை வருஷம் மூத்திரத் துணி மாற்றிய கையை விட்டுப் போக ஒரு நொடி யோசிக்கவில்லையே.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே விடிந்திருந்தது. ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். முகம் தெளிந்திருந்தது.

"என்னவோ தெரியல பாப்பா, நேத்து அப்படி ஒரு தூக்கம். சின்ன வயசுல தூங்கின மாதிரி. மனசெல்லாம் நிறைஞ்சு கிடக்கு."

"கை ஏதாவது வலிக்குதா?"

"கையா? இல்லையே. ஏன்?"

அவள் திரைக்கு நெருங்கிப் பார்த்தாள். அண்ணனின் நெற்றியில் விழுந்திருந்த நரைமுடி தானாக எழுந்தது. மெதுவாக, மிக மெதுவாக, பின்பக்கமாகக் கோதி விடப்பட்டது. மறுபடியும். முடி நடுவே விரல் போகும் தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. அவன் கண் செருகியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கம் எதுவும் இல்லை. தலை எதன்மேலோ நன்றாகப் படிந்து நின்றது.

"அழறியா பாப்பா?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

அவனுக்குத் தலைகோதல். அவளுக்கு உடும்புப் பிடி. தனக்கு ஒருநாளும் கிடைக்காததைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. மூச்சு மூச்சாக வெளியே விட்டதெல்லாம் ஒரே மூச்சில் உள்ளே திரும்பியது. கோபம், தாபம், எல்லாம். இதற்கு அந்தப் பிடியே தேவலை. பிடித்திருந்தவரையாவது அவள் அம்மாவுக்கு வேண்டியிருந்தாள்.

வெற்று அறைக்குள் போனாள். கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். விளக்கு போடவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

வலது கையை நீட்டினாள்.

"அம்மா, வா. நான் சொன்னது தப்பு. பிடிச்சுக்கோ."

ஒன்றும் இல்லை.

"யாராவது பிடிச்சுக்கோங்க."

சில்லிப்பு வந்தது. தைல வாடை வரவில்லை. ஈர மண் வாடை. நெடுநாள் திறக்காத இடத்தின் வாடை.

மணிக்கட்டில் ஒரு விரல் படிந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. அவசரமே இல்லை. அவளுக்கு அழுகை முட்டியது. இடது கையை அந்தக் கைமேல் வைத்தாள். அம்மாவின் குட்டை விரல்களைத் தேடித் தடவினாள்.

நீளமாக இருந்தன.

கட்டைவிரலைத் தேடினாள்.

இல்லை. இந்தப் பக்கம் விரல்கள். அந்தப் பக்கமும் விரல்கள்.

கையை இழுத்தாள். வரவில்லை.

இருட்டில் அது அவளை மெல்லத் தரையில் சாய்த்தது. பிடியை விடாமல், பக்கத்தில் தானும் படுத்தது. பிறகு, முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டது.