கரிக்கொடை

நிலவு மண்ணில் இரும்பு உண்டு. கரி இல்லையென்றே சொல்லலாம். அதனால் வெண்மேட்டுக் குடியிருப்பில் யார் இறந்தாலும், உடலிலிருந்து பிரித்த கரியை உலைக்குக் கொடுத்துவிடுவார்கள். கரிக்கொடை என்று அதற்குப் பெயர்.

வெறும் இரும்பு மெத்தென்றிருக்கும். அதன் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். இடையிடையே கரியணுக்கள் போய் உட்கார்ந்தால் வழுக்கல் தடைபட்டு, இரும்பு எஃகாகிவிடும். நூறில் அரைப் பங்கு கரி போதும். ஒருவருடைய கரியைப் பத்துச் சுவர்த் தகடுகளுக்குப் பகிர வேண்டும் என்பது விதி.

உலைக்காரி மெட்டில்டா ஒன்பது வயது மகள் ஜோவிட்டாவை இழந்தபோது பகிரவில்லை. முழுவதையும் ஒரே தகட்டில் போட்டு, அதைத் தன் வீட்டு வெளிச்சுவரில் பொருத்திக்கொண்டாள்.

பதினான்கு நாள் நீளும் இரவின் குளிருக்குப் பின் சூரியன் ஏறும்போதெல்லாம் அந்தத் தகடு மெல்லிய குரலில் இழுத்து முனகும். மெட்டில்டா வீட்டின் உட்புறமிருந்து கன்னத்தை அதில் வைத்து, "இங்கதான்டா இருக்கேன்" என்பாள்.

ஒருநாள் சுவர்க் கண்காணிப்பாளர் தளவாய் ஒலிமானியோடு வந்தார். தகட்டில் அதை ஒட்டியதும் அவர் முகம் மாறியது.

"எவ்வளவும்மா போட்ட?"

"எல்லாத்தையும் போட்டுட்டேன் அண்ணாச்சி."

"அடுக்கு கொஞ்சம் வழுக்குனாத்தான் தகடு வளைஞ்சு தாங்கும். இதுல வழுக்க இடமே இல்ல. வெயில் இழுக்குற இழுப்புல உடைஞ்சு, வீட்டுக் காத்தெல்லாம் போயிடும். நீ கேக்குறது விரிசல் ஓடுற சத்தம்."

மெட்டில்டா, "என்னோடது மட்டுந்தானா?" என்று கேட்டாள்.

"இது மாதிரி இருநூத்திப் பன்னெண்டு. மத்த உலைக்காரங்களக் கெஞ்சி, அவங்கவங்க ஆளை ஒரே தகட்டுல போட்டிருக்காங்க. ஒண்ணு என் வீட்டுச் செவரு. என் பொஞ்சாதி."

ஊர் கூடியது. தகடுகளைக் கழற்றி வெறும் இரும்போடு உருக்கிப் பகிர்ந்தால் எல்லாச் சுவரும் பிழைக்கும் என்று தளவாயே விளக்கினார். அடுத்த வீட்டுத் தகட்டை உருக்க எல்லோரும் கை தூக்கினார்கள். தன் வீட்டுத் தகட்டுக்கு ஒருவரும் தூக்கவில்லை.

மெட்டில்டா மட்டும் கழற்றினாள். உலை வாயில் தகடு சிவந்து, உருவிழந்து, இரும்போடு கலப்பதைக் கடைசி வரை பார்த்தாள். பத்துத் தகடுகள் வந்தன. எதில் மகள் என்று இனி அவளால் சொல்ல முடியாது.

அடுத்த விடியலில் தெருவே காற்றுடை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வீடு, தலைக்கவசத்தைச் சுவரில் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெட்டில்டா காற்றடைத்த தெரு வழியே ஓடிப்போய்த் தளவாயின் கதவைத் தட்டினாள்.

"அண்ணாச்சி, சூரியன் ஏறிடுச்சு. வெளிய வாங்க!"

உள்ளேயிருந்து அவர் குரல் தணிந்து வந்தது.

"அவ பேசிட்டிருக்கா, மெட்டில்டா. கொஞ்சம் பொறு."